அந்த பஸ் எங்கே போனது?

பெர்லினில் அந்த அறையின் மேசை மிக நீளமானது. நடுவில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல்கள், வாயு உள்ளதும் இல்லாததுமாக. றெஜினா அக்கா எதையும் தொடவில்லை. கைப்பையை மடியில் வைத்து, தேவாலயத்தில் பூசை தொடங்கக் காத்திருப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

யன்னலுக்கு வெளியே மழை. வுப்பர்டாலில் நாங்கள் ரயில் ஏறியபோதும் மழைதான். எங்கள் ஊர் மழையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்று வழியில் சொல்லிப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. பெர்லின் வரும்வரை செபமாலை உருட்டிக்கொண்டே வந்தார்.

இந்தத் தொடரை முன்பே வாசிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இன்றுதான் இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு ஒரு வரி: நான் மொழிபெயர்ப்பாளன். தமிழில் சொல்வதை ஜேர்மன் மொழியிலும் ஜேர்மன் மொழியில் சொல்வதைத் தமிழிலும் வாயால் கடத்துபவன். அகதி விசாரணை, ஆஸ்பத்திரி, நீதிமன்றம், ஒருமுறை பிரசவ அறை வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். ஆனால் நாடுகள் பேசும் மொழியைக் கடத்தியது அன்றுதான் முதல் தடவை.

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. வெளிநாடுகளோடு பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், அது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவரைத் திருமதி ஹார்ட்விக் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதிருக்கும். முன்பு கொழும்பில் சில காலம் வேலை செய்தவர். கைகூப்பி, "வணக்கம்" என்றார். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. றெஜினா அக்காவும் எழுந்து கைகூப்பினார். அந்த ஒரு கணம் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது.

படம் கொண்டுவராத தாய்

றெஜினா அக்கா மன்னாரைச் சேர்ந்தவர். போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு ஜேர்மனிக்கு வந்து, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, வுப்பர்டாலில் மகள் ஜெனிற்றாவோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில்தான் எனக்குப் பழக்கம். யாரோடும் அதிகம் கதைக்க மாட்டார். பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்கு நிற்கும்போது, இவர் மட்டும் கதிரைகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருப்பார்.

ஜெனிற்றா, காணாமல் போன தன் தம்பி அன்ரனின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தாள். பெர்லினுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஸ்டேஷனில் தாயின் கையில் கொடுத்தாள். அக்கா அதைத் திருப்பி அவளிடமே கொடுத்துவிட்டார்.

ரயிலில் ஏன் என்று கேட்டேன்.

"படத்தைக் காட்டினா அவையள் முகத்தை ஒரு மாதிரி வைப்பினம் தம்பி. பிறகு நான் அவையளைத் தேத்த வேணும். எனக்கு அது ஏலாது. நான் கேக்கப் போறது ஒரேயொரு கேள்வி. கேள்விக்குப் படம் எதுக்கு?"

அந்தக் கேள்வி இதுதான். போரின் கடைசி நாட்களில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒரு துண்டு மணலில் சனம் முழுக்க ஒடுங்கிக் கிடந்தபோது, இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியலாம், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். அக்காவின் மகன் அன்ரன் சில மாதங்கள் இருந்தவன். மனைவி ஸ்டெல்லாவின் வயிற்றில் பிள்ளை. அவனைப் பதிந்த பிறகு, அவனைப் போன்ற பலரோடு ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் புறப்பட்டது. அதன் பிறகு அவனைக் கண்டவர்கள் யாரும் இல்லை.

"சிவப்பு பஸ். முன்கண்ணாடியில ஒரு வெடிப்பு. சாரதி இறங்கி நிண்டு விரலால பல்லு விளக்கினவர், என்ர கண்ணால பாத்தனான். அந்த மனிசனுக்குத் தெரியும் எங்கை ஓடினது எண்டு. வழியில டீசல் அடிச்சிருப்பினம். எங்கையாவது நிப்பாட்டித் தண்ணி குடிச்சிருப்பினம். பஸ் என்ன ஊசியோ தம்பி, துலைஞ்சு போக? அந்த பஸ் எங்கை போனது? அதை மட்டும் கேட்டுச் சொல்லட்டும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

நீதி என்ற சொல்லை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. தண்டனை என்றும் கேட்கவில்லை.

என் வாயில் அவருடைய மகன்

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு விதி உண்டு. பேசுபவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "இவர் சொல்கிறார்" என்று விலகி நிற்கக்கூடாது. என்னைக் குத்தினார்கள், எனக்குக் கரு கலைந்தது, நான் திருடவில்லை என்று இத்தனை வருடங்களில் எத்தனையோ பேராக இருந்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்க் குளித்தால் போய்விடும்.

திருமதி ஹார்ட்விக் தொடக்கத்தில் சில வசனங்கள் பேசினார். உங்கள் நாட்டு நிலைமையை நாங்கள் மிகுந்த கவலையோடு உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம் என்பது அவற்றில் ஒன்று. அவர்கள் எல்லோரும் சொல்லும் வசனம்தான். அப்படியே தமிழில் சொன்னேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"அவவுக்கு என்ன கவலை தம்பி? அவவின்ர பிள்ளையும் காணாமப் போனதோ?"

அது நக்கல் அல்ல. உண்மையாகவே கேட்டார். தமிழில் கவலை என்பது ஒருவருக்கு நெஞ்சில் வருவது. அவர்கள் மொழியில் அது ஒரு படிநிலை. கவலை, ஆழ்ந்த கவலை, மிக ஆழ்ந்த கவலை என்று போகும். எந்த நாட்டுக்கு எந்தப் படி என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பார்கள். அதை அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கேட்டதை அப்படியே ஜேர்மன் மொழியில் சொன்னேன். திருமதி ஹார்ட்விக்கின் முகம் சிவந்தது. தனக்குப் பிள்ளைகள் இல்லை என்றார்.

"பாத்துக்கொண்டிருக்கிறம் எண்டு சொன்னவ எல்லோ?" அக்கா தொடர்ந்தார். குரல் உயரவில்லை. "அப்பவும் பாத்துக்கொண்டுதான் இருந்தவை எண்டு சொல்லுங்கோ. வெளிநாடுகள் கதைச்சு ஒழுங்கு பண்ணியிருக்காம், எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினமாம் எண்டு ரேடியோவிலை கேட்டனான். அன்ரன் வரமாட்டன் எண்டவன். பங்கருக்குள்ளயே குந்திக்கொண்டிருந்தவன். முழு உலகமும் பாத்துக்கொண்டிருக்கேக்கை உன்னை ஒண்டும் செய்யேலாது, வா எண்டு நான்தான் அவன்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டுபோய்க் குடுத்தனான். உங்களை நம்பித்தான் குடுத்தனான் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். நான்தான் என் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன் என்று, ஜேர்மன் மொழியில், என் வாயால். உங்களை நம்பித்தான் கொடுத்தேன் என்றும் சொன்னேன். தண்ணீர் எடுத்துக் குடித்தேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உதவியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

திருமதி ஹார்ட்விக் தன் முன்னால் இருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அடுத்த மாதம் ஒரு தூதுக்குழு கொழும்புக்குப் போகிறது. நானும் போகிறேன். உங்கள் கேள்வியைக் கேட்கச் செய்வேன்" என்றார். இந்த முறை எழுதி வைத்ததைப் பார்த்துச் சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில் அக்கா நித்திரையாகிவிட்டார். வாய் சற்றுத் திறந்திருந்தது. அவர் நித்திரை கொண்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஒரு வாசல் மூடிய வேகம்

நாடுகளால் முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு ஷோனெஃபெல்ட் நினைவுக்கு வரும். கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் ஜேர்மனி இரண்டாக இருந்தது. கிழக்கு பெர்லினின் விமான நிலையம் ஷோனெஃபெல்ட். எங்கள் பெடியள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது அங்கேதான். கிழக்குக்காரர்கள் எங்களை மறிக்கவில்லை. கடந்து போவதற்கான விசாவைக் குத்தி, மேற்கு பெர்லின் பக்கம் ரயிலைக் காட்டிவிடுவார்கள். மேற்குக்காரர்களும் அந்த இடத்தில் மறிக்க மாட்டார்கள். மறித்தால் பெர்லினுக்கு நடுவே ஓடுவது ஒரு நாட்டின் எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் கவலை. ஒருவருக்கு மற்றவரைச் சீண்ட வேண்டும், மற்றவருக்கு அந்த எல்லைக்கோட்டை ஒத்துக்கொள்ளக்கூடாது. அந்த இழுபறியில் திறந்து கிடந்த சின்ன இடுக்கு வழியாகத்தான் நான் இந்த நாட்டுக்குள் வந்தேன்.

அண்ணனின் மெல்லிய சுவெட்டரோடு, குளிரில் பல் கிட்டித்துக்கொண்டு, எந்தப் பக்கம் நிற்கிறேன் என்றே தெரியாமல் ரயிலால் இறங்கியது நினைவிருக்கிறது. நிலக்கரிப் புகை மணம். எங்கள் உயிர் தப்பியது யாருடைய இரக்கத்தாலும் அல்ல என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி கிங்ஸ்லி இருந்தான். கூடப் படித்தவன். நல்ல பாட்டுக்காரன், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் அவன் குரல் கேட்டால் கிழவிகள் அழுவார்கள். நான் போய்ச் சேர்ந்து கடிதம் போட்டதும் அவனும் அதே வழியால் வருவதாக ஏற்பாடு. டிக்கட் கையில் வந்துவிட்டது.

அதற்குள் இரண்டு ஜேர்மனிகளும் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். என்ன கொடுத்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. போய்ச் சேரும் நாட்டின் விசா இல்லாதவர்களை இனி விமானத்தில் ஏற்றக்கூடாது என்று அறிவிப்பு வந்தது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. யாரும் யாரையும் கண்டிக்கவில்லை. பத்திரிகைகள் நல்ல இராஜதந்திரம் என்று எழுதின. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசையில் நின்ற கிங்ஸ்லியை வெளியே போகச் சொன்னார்கள்.

அவன் திரும்பி யாழ்ப்பாணம் போனான். பிறகு ஒருநாள் கடலில் தொழிலுக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்து செத்துப்போனான். ஆறுதல் சொல்லவென்று தாய்க்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாடுகள் உண்மையாகவே ஒன்றை விரும்பினால் எவ்வளவு கெதியாக நடக்கும் என்பதை நான் அனுபவித்தவன். ஒரு வாசலை மூட அவர்களுக்கு ஒரு பருவம்கூடத் தேவைப்படவில்லை. அதே நாடுகள்தான் ஒரு பஸ் எங்கே போனது என்று கேட்க முடியாமல் வருடக்கணக்கில் நின்றன.

கேள்வி மாடி ஏறிய விதம்

தூதுக்குழு போய் வந்தது. அக்கா ஒவ்வொரு ஞாயிறும் என்னைப் பார்ப்பார். கேட்க மாட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன், அவர் கதிரை அடுக்கப் போய்விடுவார்.

பிறகு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. விடயம் பொருத்தமான முறையில் எடுத்துரைக்கப்பட்டது, மறுதரப்பு அதைக் குறித்துக்கொண்டது என்று இருந்தது. அக்காவின் வீட்டுக்குப் போய், குசினி மேசையில் இருந்து வாசித்துச் சொன்னேன். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"குறிச்சவையோ?"

"ஓம் அக்கா."

"எதிலை குறிச்சவை?"

அது கடிதத்தில் இல்லை. அவர் எழுந்து அடுப்பைக் குறைத்தார்.

சில மாதங்கள் கழித்து திருமதி ஹார்ட்விக் ஒரு கூட்டத்துக்காக எங்கள் பக்கம் வந்தபோது தொலைபேசியில் அழைத்து, ஸ்டேஷன் கடையில் கோப்பி குடிக்கலாமா என்று கேட்டார். போனேன். மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"உங்கள் அக்காவிடம் நான் நேரே சொல்ல முடியாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். நான் எழுதிய குறிப்பில் பஸ் இருந்தது. நிறம், வெடித்த கண்ணாடி, எல்லாம் இருந்தது."

"பிறகு?"

"ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் திருத்துவார். முதல் ஆள், பஸ் என்பது மிகவும் குறிப்பானது, அவர்கள் ஆதாரம் கேட்பார்கள், ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் நிலை என்று போடுவோம் என்றார். அடுத்தவர் அதைக் காணாமல் போனோர் விவகாரம் ஆக்கினார். அதற்கு மேலே, கடந்த காலத்தைக் கையாளுதல் என்று ஆயிற்று. சந்திப்பில் மூன்று விடயம் பேச நேரம் இருந்தது. முதல் இரண்டும் எங்கள் நாட்டு அலுவல். மூன்றாவதுக்கு வரும்போது இலங்கை அமைச்சர் எழும்பிவிட்டார். வாசலில் நின்று கைகுலுக்கும்போது, கடந்த காலத்தையும் மறக்கவில்லை என்று எங்கள் ஆள் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். அதைத்தான் குறித்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறது."

"நீங்களே கேட்டிருக்கலாமே?"

"எனக்கு அங்கே பேச்சுரிமை இல்லை. நான் பின்வரிசை."

அவர் கெட்டவர் அல்ல. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. அந்த மாடிகளில் இருந்த யாருமே கெட்டவர்கள் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொருவரும் கொஞ்சம் பதமாக்கினார்கள், அவ்வளவுதான். கோபிக்க ஒரு முகம் கிடைத்திருந்தாலாவது றெஜினா அக்காவுக்கு உதவியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு இந்தக் கண்டத்திலேயே பெரிய போர் தொடங்கியது. எங்கள் தேவாலய மண்டபத்தில் உக்ரேன் தாய்மார் கட்டில் போட்டுப் படுத்தார்கள். இலங்கை கடனில் மூழ்கியது. சனம் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றது. நாடுகள் கடனைப் பற்றிப் பேசின. திருமதி ஹார்ட்விக்கை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இருந்த இடத்துக்குப் புதிதாக ஓர் இளைஞர் வந்தார். மரியாதையானவர். எங்களுக்கு மறுபடி டெர்மின், அதாவது சந்திக்க நேரம், தந்தார். முதலிலிருந்து சொல்லும்படி கேட்டார்.

அக்கா முதலிலிருந்து சொன்னார். அன்ரன் மறுபடியும் வரமாட்டன் என்றான். அக்கா மறுபடியும் அவன் கையைப் பிடித்தார். மறுபடியும் அந்த "நான்" என் வாயால் வந்தது.

கடைசியில் அந்த இளைஞர் சொன்னார், நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருவதாக. நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அக்கா கைப்பையைத் தூக்கிவிட்டார்.

ஸ்டெல்லா கேட்ட அனுமதி

அன்ரனின் மனைவி ஸ்டெல்லா மன்னாரில்தான் இருந்தாள். தகப்பன் முகம் காணாத பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போனது. இரண்டு பேரும் ஸ்டெல்லாவின் தமையன் வீட்டுப் பின்வளவில், தகரம் அடித்த ஒரு சின்னச் சாய்ப்புப் பத்திக்குள் இருந்தார்கள். அன்ரனின் பெயரில் ஒரு சிறு வளவு இருந்தது. வீடு கட்ட உதவி செய்ய ஒரு திட்டமும் வந்தது. ஆனால் காணி அவன் பெயரில். அவன் உயிரோடு இருக்கிறான் என்றால் அவன் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். இல்லை என்றால் மரணச் சான்றிதழ் வேண்டும். மரணச் சான்றிதழ் எடுக்க ஸ்டெல்லாவும் அக்காவும் மறுத்துவிட்டார்கள்.

அங்கே அரசு வேறொரு வழி செய்து வைத்திருந்தது. இறந்துவிட்டான் என்று எழுதாமல், இங்கே இல்லை என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் ஒரு சான்றிதழ். அதைக் கொண்டு காணி அலுவல் பார்க்கலாம். தேடுவதை அது நிறுத்தாது என்று மேலதிகாரிகள் சொன்னார்கள்.

ஸ்டெல்லா தொலைபேசியில் கேட்டபோது நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். அக்காவின் மருந்து விபரம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். ஒலியைப் பெரிதாக வைத்துத்தான் அக்கா எப்போதும் கதைப்பார்.

"மாமி, நான் எடுக்கட்டோ? நீங்கள் வேண்டாம் எண்டா எடுக்கமாட்டன்."

"அதிலை செத்துப்போனான் எண்டு இருக்கோ?"

"இல்லை மாமி. இல்லை எண்டுதான் இருக்கு."

அக்கா யன்னலைப் பார்த்தார். கீழே ஆற்றுக்கு மேலால் தொங்குரயில் கிறீச்சிட்டுக்கொண்டு போனது.

"இல்லைத்தானே பிள்ளை," என்றார். "எடு."

முன்னேற்றம்

ஐ.நா. மனித உரிமைச் சபையின் அடுத்த ஜெனீவா அமர்வை ஜெனிற்றா தொலைக்காட்சியில் இணைத்துக் கொடுத்தாள். அக்காவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, காதோடு சொல்லிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு நாடும் குறித்த நேரத்துக்குள் வாசித்துவிட்டு இறங்கியது. பல நாடுகளின் சார்பில் ஒரு பெண் இலங்கை பற்றி வாசித்தார். கடந்த முறை வலியுறுத்துகிறோம் என்று இருந்த இடத்தில் இந்த முறை ஊக்குவிக்கிறோம் என்று இருந்தது. எல்லோரும் சம்மதிக்கும் ஒரு வசனத்துக்காக வினைச்சொல்லை இறக்கியிருந்தார்கள்.

பிறகு, காணாமல் போனோரின் குடும்பங்கள் விடயத்தில் ஏற்பட்டுள்ள முன்னேற்றத்தை வரவேற்பதாகச் சொன்னார். சான்றிதழ் பெற்ற குடும்பங்கள் கூடியிருப்பதை நல்ல அறிகுறியாகக் காண்பதாகவும் சொன்னார்.

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். தொழிலில் அப்படி நிற்கக்கூடாது.

"என்ன தம்பி, ஏன் நிப்பாட்டினீங்கள்? சொல்லுங்கோ."

சொன்னேன்.

"அந்தக் குடும்பங்களுக்குள்ள ஸ்டெல்லாவும் இருக்கிறாளோ?"

"ஓம் அக்கா."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இப்போது வேறொரு நாடு, வேறொரு பிரச்சினை.

"அப்ப அன்ரனும் அவையின்ர முன்னேற்றத்துக்குள்ள வந்திட்டான்," என்றார். "குடுத்ததும் நான். எடுக்கச் சொன்னதும் நான்."

ஜெனிற்றா தாயின் தோளில் கை வைத்தாள். அக்கா அதைத் தட்டிவிடவில்லை, பிடிக்கவும் இல்லை.

அன்று மாலையே ஸ்டெல்லா தொலைபேசி எடுத்தாள். அத்திவாரம் போட்டாச்சு மாமி என்று சொன்னாள். குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பின்னால் பிள்ளை, எனக்கு யன்னல் வைச்ச அறை வேணும் என்று கத்தியது.

"நல்லது பிள்ளை," என்றார் அக்கா. "மாரிக்கு முதல் கூரையைப் போட்டிடு. அவளுக்குப் பெரிய யன்னலா வை."

தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஸ்டெல்லாவுக்கு அந்த ஜெனீவாக் கதையைச் சொல்லாதேங்கோ தம்பி. தெரிஞ்சா சான்றிதழைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திடுவாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு அறை வேணும்."

அதற்குப் பிறகு பெர்லினிலிருந்து ஒருமுறை அழைத்தார்கள். ஒரு நிகழ்வில் அனுபவத்தைப் பகிர முடியுமா என்று கேட்டார்கள். அக்கா வேண்டாம் என்றார். காரணம் கேட்டார்கள். காரணம் சொல்லும்படி அக்கா என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்தால் அந்த வசனங்கள் நினைவுக்கு வந்திருக்கும். அவரைக் குறைசொல்ல முடியாது. அவற்றை எல்லாம் அவர் என் குரலில்தானே கேட்டார்.

மன்னாருக்கு ஓர் அழைப்பு

இந்தக் குளிர்காலத்தில் றெஜினா அக்கா காலமானார். இருதயம். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாளும் வைத்தியர்களுக்கும் அவருக்கும் நடுவில் நான்தான் நின்றேன். அக்கா பெரிதாக எதுவும் சொல்லவில்லை. வாய் காய்கிறது, போர்வை பாரமாக இருக்கிறது, அவ்வளவுதான். அவற்றைச் சொன்னால் உடனே தண்ணீர் கொடுத்தார்கள், உடனே போர்வையை மாற்றினார்கள். ஒரு வாக்கியம் சொல்லி ஒரு காரியம் நடப்பதை அங்கேதான் பார்த்தேன்.

ஜெனிற்றாவால் பேச முடியவில்லை. மன்னாருக்கு நானே அழைத்தேன். ஸ்டெல்லா நெடுநேரம் அழுதாள். பிறகு, "அண்ணை, மாமிக்கு ஒண்டை மறைச்சிட்டன்," என்றாள்.

"என்ன பிள்ளை?"

"அந்தச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்கேக்கை, மேசையில இருந்தவர் சொன்னவர். இனி உங்கட விசயம் முடிஞ்ச பக்கத்துக்குப் போகும், ஆரும் பெரிசாப் பாக்கமாட்டினம், யோசிச்சு வையுங்கோ எண்டு. மேலை இருக்கிறவை அப்பிடிச் சொல்லேல்லை. அவர்தான் மனிசனாய்ச் சொன்னவர். நான் வெளியில போய் வேப்பமரத்துக்குக் கீழை கனநேரம் நிண்டனான். பிறகு வந்து வைச்சனான். பிள்ளை வளந்திட்டாள் அண்ணை. பத்திக்குள்ள உடுப்பு மாத்த இடமில்லை. மாமிக்குச் சொன்னா உடைஞ்சிடுவா எண்டு சொல்லேல்லை."

அக்காவுக்கும் தெரியும் என்று சொன்னேன். எப்போது தெரிந்தது, எனக்கு என்ன சொன்னார், ஏன் சொல்லாமல் விட்டார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"இரண்டு பேரும் ஒவ்வொரு கிழமையும் கதைச்சனாங்கள்," என்றாள். "கூரை, யன்னல், சீமெந்து எண்டு. பிள்ளையின்ர அப்பாவைப் பற்றிக் கதைக்கவே இல்லை."

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பெயரை மாற்றி எழுதுங்கோ என்றாள்.

"அங்கை ஆரும் இனிக் கேப்பினமோ அண்ணை?"

வாயில் பெர்லின்காரரின் வசனங்கள் பல வந்தன. எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றையும் சொல்லவில்லை.

"தெரியாது பிள்ளை. இனிக் கேக்கமாட்டினம் எண்டுதான் நினைக்கிறன்."

"சரி அண்ணை," என்றாள். மகள் பள்ளிக்கூடத்தால் வரும் நேரம், சோறு வைக்க வேணும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.